மினசோட்டாவில் வீட்டுப் புல்தரையைத் தேனீப் புல்தரையாக மாற்றுவது: பழைய புல்லை அகற்ற வேண்டுமா, எந்த மாதத்தில் விதைக்க வேண்டும்?

ஏரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மினியாப்பொலிஸுக்கு மேற்கே உள்ள ஒரு புறநகரில் சென்ற ஆண்டு வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறோம். வீட்டின் முன்பக்கம் தெற்குப் பார்த்தது. காலை முதல் மாலை வரை நல்ல வெயில் விழுகிறது. பின்பக்கத்தில் இரண்டு பெரிய மேப்பிள் மரங்கள் நிற்பதால் மே மாத இறுதிக்குப் பிறகு அங்கே பெரும்பாலும் நிழல்தான். இரண்டு பக்கமும் கென்டக்கி புளூகிராஸ் புல்தரை. எங்களுக்கு முன்பு இங்கே இருந்தவர்கள் ஒரு பராமரிப்பு நிறுவனத்திடம் ஒப்பந்தம் போட்டு, ஆண்டுக்குப் பலமுறை உரமும் களைக்கொல்லியும் தெளிக்கச் செய்திருக்கிறார்கள். புல் கம்பளம் விரித்தாற்போல இருக்கிறது. ஆனால் கோடை முழுவதும் அதில் ஒரு தேனீயையோ பட்டாம்பூச்சியையோ நான் பார்க்கவில்லை. பூவே இல்லாத இடத்துக்கு அவை எதற்காக வரப்போகின்றன என்ற எண்ணம் வந்த நாளிலிருந்து, இதை மாற்றியே ஆக வேண்டும் என்று இருக்கிறது.

மினசோட்டா பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் தேனீப் புல்தரை பற்றி ஓரளவு படித்திருக்கிறேன். ஃபைன் ஃபெஸ்கியூ புல்லுடன் வெள்ளைக் குளோவர், செல்ஃப் ஹீல், படர் தைம் ஆகிய தாழ்ந்து வளரும் பூச்செடிகளைக் கலந்து விதைப்பது என்பது வரை தெரியும். செய்துபார்த்தவர்களிடம் கேட்க வேண்டியவை சில உள்ளன. பழைய புல்லை முழுவதுமாக அகற்ற வேண்டுமா, அதன் மேலேயே விதைக்கலாமா? இவ்வளவு காலம் தெளித்த மருந்து மண்ணில் தங்கி விதைகளை முளைக்கவிடாமல் செய்யுமா? வசந்தம், இலையுதிர்காலம் இரண்டில் எது நல்லது? எங்களுக்கு இரண்டு சிறு பிள்ளைகள். வெறுங்காலுடன் புல்லில்தான் விளையாடுவார்கள், அவர்களைத் தேனீ கொட்டிவிடுமோ என்று என் மனைவி கவலைப்படுகிறார். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் விதிகளில் ‘நன்கு பராமரிக்கப்பட்ட புல்தரை’ என்று ஒரு வரியும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மண்புழு (பதில்)

வணக்கம் நண்பரே. நீங்கள் கேட்டவற்றில் மருந்து பற்றிய கேள்விதான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது; ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த நிறுவனத்தின் பழைய ரசீதுகள் கிடைத்தால், கடைசியாகத் தெளித்த மருந்துகளின் பெயர்களை அவற்றிலிருந்து எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் 2,4-டி போன்றவை மண்ணில் ஒப்பீட்டளவில் விரைவாகச் சிதைந்துவிடும். எத்தனை வாரம் கழித்து விதைக்கலாம் என்பது அந்தந்த மருந்தின் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். கிராப்கிராஸ் என்ற களைப்புல் முளைக்காமல் இருக்க வசந்தத்தில் போடும் ப்ரோடையமின் போன்ற முளைப்புத் தடை மருந்துகள் அப்படியல்ல. அவை பல மாதங்கள் மண்ணின் மேலடுக்கில் தங்கியிருந்து, களை விதை, நல்ல விதை என்று பார்க்காமல் எல்லாவற்றின் இளவேரையும் கருக்கிவிடும். இந்த ஆண்டு வசந்தத்தில் அது போடப்பட்டிருந்தால், வரும் நவம்பர் வரை பொறுத்திருப்பதே நல்லது. தெளிப்பு ஒப்பந்தம் இன்னும் நடப்பில் இருந்தால் அதை எழுத்து மூலம் ரத்து செய்துவிடுங்கள். வாயால் சொல்லி விட்டுவிட்டால், அடுத்த ஏப்ரலில் வழக்கம்போல வந்து தெளித்துவிட்டுப் போய்விடக்கூடும்.

அடுத்தது, புல்லை அகற்றுவதா வேண்டாமா என்பது. முன்பக்கப் புல் அடர்த்தியாகவும் நலமாகவும் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அதைக் கொத்தி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பூச்செடிகளின் விதையை அதன் மேலேயே விதைத்துவிடலாம். ஃபெஸ்கியூ புல்லுக்குத் தண்ணீரும் உரமும் குறைவாகப் போதும். நிழலையும் ஓரளவு தாங்கும். ஆகவே முழுத் தரையையும் அதற்கு மாற்றுவது சிறந்ததுதான். ஆயினும் அதற்காகப் பழைய புல்லைச் சாகடித்து மண்ணைத் திறந்துவிட்டால், காத்திருக்கும் களைகளெல்லாம் முதல் ஆண்டிலேயே கிளம்பிவரும். புளூகிராஸும் வெள்ளைக் குளோவரும் சேர்ந்து வாழக்கூடியவை. இந்த நாட்டில் இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை புல்தரைக்கென்று விற்ற விதைக் கலவைகளில் வெள்ளைக் குளோவர் வழக்கமாகவே சேர்க்கப்பட்டிருந்தது. போருக்குப் பிறகு 2,4-டி கடைகளுக்கு வந்தது. அது புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லும் என்பதால் குளோவரும் சேர்ந்து செத்தது. பிறகு குளோவரே களை என்று பெயர் வாங்கிக்கொண்டது. நீங்கள் செய்யப்போவது புதுமை அன்று, பழைய வழக்கத்துக்குத் திரும்புவதுதான்.

மேல்விதைப்பில் எல்லாமே விதைக்கும் மண்ணுக்கும் உள்ள தொடர்பைப் பொறுத்தது. அடர்ந்த புல்லின் மேல் தூவிய விதை, புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள சருகுப் படலத்தில் தொங்கிக்கொண்டு காய்ந்து போகும். எனவே விதைக்கும் முன் புல்வெட்டியை அதன் மிகத் தாழ்ந்த நிலையில் வைத்து, ஓர் அங்குல உயரத்துக்கு ஒட்ட வெட்டுங்கள். வெட்டிய புல்லை அள்ளி அப்புறப்படுத்திவிட்டு, இரும்பு வாரியால் அங்கங்கே மண் தெரியும்வரை நன்றாகக் கீறிவிடுங்கள். வாடகைக்குக் கிடைக்கும் ஏரேட்டர் கொண்டு தரை முழுவதும் மண் உருளைகளை எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. புறநகர் வீடுகளில் கட்டுமான வண்டிகள் ஓடி இறுகிய களிமண்ணுக்கு அது மிகவும் தேவை. குளோவர் விதை மிகப் பொடியானது. ஒரு பவுண்டில் 7 லட்சத்துக்கும் மேல் இருக்கும். கையால் தூவினால் ஓரிடத்தில் குவிந்து மறு இடம் வெறுமையாகிவிடும் என்பதால், ஈரமில்லாத மணலில் கலந்து, ஒருமுறை நீளவாக்கிலும் ஒருமுறை குறுக்குவாக்கிலும் தூவுங்கள். மேலே மண் போட்டு மூட வேண்டாம். காலால் மிதித்தோ உருளை ஓட்டியோ அழுத்திவிட்டால் போதும்.

காலத்தைப் பொறுத்தவரை, நவம்பரில் விதைப்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன். மண்ணின் வெப்பநிலை 40 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கிய பிறகு, தரை உறைவதற்கு முன்பு விதைத்துவிட வேண்டும். அப்போது எதுவும் முளைக்காது, முளைக்கவும் கூடாது. குளிர்காலம் முழுவதும் மண் உறைவதும் இளகுவதுமாக இருக்கையில் அதில் உண்டாகும் நுண்ணிய வெடிப்புகளுக்குள் விதை தானாகவே இறங்கிவிடும். பனி உருகும் ஈரத்திலேயே வசந்தத்தில் முளைப்பு தொடங்கும். குழாய்த் தண்ணீர் செலவும் குறையும். வசந்தத்தில் விதைப்பதும் தவறில்லை, ஆனால் இரண்டு மூன்று வாரம் மேல்மண் காயாதபடி நாள்தோறும் நீர் தெளித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அதன் பிறகு உரம் போடாதீர்கள். இதை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. தழைச்சத்து கொடுத்தால் புல் கொழுத்துப் பூச்செடிகளை அமுக்கிவிடும். நம் ஊரில் நெல் நடவுக்கு முன் தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுவது எதற்கோ அதே வேலையைத்தான் குளோவரும் செய்கிறது. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது, நாளடைவில் அது பக்கத்திலுள்ள புல்லுக்கும் போய்ச் சேரும். முதல் கோடையில் குளோவர் மட்டும் அங்குமிங்கும் பூக்கலாம். செல்ஃப் ஹீல் முதல் ஆண்டில் தரையோடு ஒட்டிய சிறு இலைக்கொத்தாகவே இருந்துவிட்டு, இரண்டாம் ஆண்டில்தான் ஊதாப் பூ காட்டும். படர் தைம் நீர் வடியும் மணற்பாங்கான வெயில் நிலத்தைத் தேடுவது. உங்கள் மண் களிமண்ணாக இருந்தால், அதை டிரைவ்வே ஓரம், நடைபாதைக் கற்களின் இடுக்கு போன்ற காய்ந்த இடங்களில் மட்டும் போடுங்கள். பூக்கத் தொடங்கிய பின்பும் புல் வெட்டலாம். வெட்டும் உயரம் 3 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால், குளோவரும் செல்ஃப் ஹீலும் தாழ்ந்தே மீண்டும் பூத்துவிடும்.

தும்பி (பதில்)

மண்புழு அவர்கள் சொன்ன முறையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தப் பூக்கள் யாருக்கு உணவாகின்றன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அது தெரிந்தால்தான் புல்தரையோடு நின்றுவிடக் கூடாது என்பது விளங்கும்.

தேனீ என்றதும் நம்மில் பலர் தேன்கூட்டை நினைக்கிறோம். தேன் தரும் அந்த ஐரோப்பியத் தேனீ இங்கே குடியேறியவர்கள் 17-ஆம் நூற்றாண்டில் கப்பலில் கொண்டுவந்த வளர்ப்பு உயிர். மினசோட்டாவுக்கே உரிய காட்டுத் தேனீ இனங்கள் 400-க்கும் மேல் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாமல், ஒவ்வொரு பெண் தேனீயும் தனித்தனியே மண்ணில் வளை தோண்டியோ காய்ந்த தண்டின் துளையிலோ முட்டையிட்டு வாழ்பவை. வெள்ளைக் குளோவரும் ஐரோப்பாவிலிருந்து வந்த செடிதான் என்பதால், அதை விதைப்பதில் என்ன பயன் என்று சிலர் கேட்பதுண்டு. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மினியாப்பொலிஸ் பூங்காக்களில் ஆராய்ந்தபோது, குளோவர் பூவுக்கு மட்டுமே 50-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் வந்தது தெரியவந்தது. செல்ஃப் ஹீலின் ஒரு துணை இனம் இந்த மண்ணுக்கே உரியது. அதில் இந்நாட்டுத் தேனீக்களின் வரவு கூடுதலாக இருக்கும். விதை வாங்கும்போது அந்த உள்நாட்டு வகைதானா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் உங்கள் பிள்ளைகளோடு தரையில் குந்தி ஒரு குளோவர் பூவை உற்றுப் பாருங்கள். நாம் ஒரு பூ என்று நினைக்கும் அந்த வெள்ளை உருண்டை, பல சிறு குழல் பூக்களின் தொகுப்பு. அடி வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக மலரும். தேனீ வந்து மகரந்தம் சேர்த்த பூ பழுப்பாகிக் கீழ்நோக்கி மடங்கிவிடும். இன்னும் எவரும் தொடாத பூ நிமிர்ந்து வெண்மையாகவே நிற்கும். பாதிக்கு மேல் மடங்கிய உருண்டைகளாகத் தெரிந்தால் தேனீக்கள் நன்றாக வந்து போகின்றன என்று அறிந்துகொள்ளலாம். இந்தக் குழல் குட்டையாக இருப்பதால் நாக்கு சிறிய தேனீக்களுக்கும் தேன் எட்டுகிறது. சிவப்புக் குளோவரின் குழல் நீளமானது. அது பம்பிள் தேனீ எனப்படும் பருத்த, மயிரடர்ந்த தேனீக்களில் நீண்ட நாக்குடையவற்றுக்கே ஏற்றது.

பம்பிள் தேனீ இனங்களில் ஒன்றுதான் முதுகில் துருநிறத் திட்டுடைய ரஸ்டி பேச்டு. அது 2017-ல் அமெரிக்க அரசின் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2019-ல் மினசோட்டாவின் மாநிலத் தேனீயாக அறிவிக்கப்பட்டது. இன்னும் அதைக் காண வாய்ப்புள்ள சில பகுதிகளில் நம் மினியாப்பொலிஸ்-செயின்ட் பால் இரட்டை நகரப் பகுதியும் ஒன்று. அதன் ராணி ஏப்ரலில் குளிர்காலத் துயிலிலிருந்து எழுந்து வரும். கூட்டின் வாழ்வு அக்டோபர் வரை நீளும். உங்கள் குளோவரோ மே இறுதிக்குமேல்தான் பூக்கும், செப்டம்பரில் ஓய்ந்துவிடும். எனவே முன்னும் பின்னும் உள்ள மாதங்களுக்கு வேறு செடிகள் தேவை. முன்கட்டில் ஒரு புஸ்ஸி வில்லோ, வேலியோரம் கோடைக்கு வைல்டு பெர்கமாட், இலையுதிர்காலத்துக்குக் கோல்டன்ராடும் ஆஸ்டரும் இருந்தால் உணவு இடைவெளி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

மே மாதம் முழுவதும் புல் வெட்டாமல் விடுங்கள் என்ற இயக்கத்தைப் பற்றி எவரேனும் உங்களிடம் சொல்லக்கூடும். பிரிட்டனில் தொடங்கி, 2020-ல் விஸ்கான்சினின் ஆப்பிள்டன் நகரம் கைக்கொண்ட வழக்கம் அது. ஆனால் அந்நகரை வைத்து வெளியான ஆய்வுக் கட்டுரையில் பிழைகள் சுட்டிக்காட்டப்பட்டு, அது பின்னர் திரும்பப் பெறப்பட்டது. பூச்செடியே இல்லாத புளூகிராஸை வெட்டாமல் விட்டால் உயரமான புளூகிராஸ்தான் கிடைக்கும். ஒரு மாதம் விட்டுவிட்டு ஜூன் முதல் நாளில் ஒரேயடியாகச் சிரைப்பதைவிட, கோடை முழுவதும் உயர்த்தி வைத்து, இடைவெளி விட்டு வெட்டுவதே செடிகளுக்கும் தேனீக்களுக்கும் நல்லது.

பின்பக்க மேப்பிள் நிழலைப் பற்றி இதுவரை எவரும் பேசவில்லை. அங்கே தேனீப் புல்தரை அமைக்க முயல வேண்டாம். அந்த நிழலில் குளோவர் மெலிந்து போகும். புல்லுக்கிடையே தானாக வரும் நீல வயலட்டைக் களை என்று பிடுங்காமல் விடுங்கள். ஃபிரிட்டில்லரி பட்டாம்பூச்சிகளின் புழுக்களுக்கு வயலட் இலையே உணவு. கோடைக் கடைசியில் பொரிக்கும் அந்தப் பொடிப் புழுக்கள், எதையும் தின்னாமல் சருகுக்கடியில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வசந்தத்தில்தான் வயலட்டைத் தேடிச் செல்லும். அதனால் மரத்தடியில் விழும் இலைகளை வாரிக் கொட்டாமல் அங்கேயே கிடக்க விடுவதும் அவசியம்.

வேலியோரம் (பதில்)

ஏரிக்கரை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மனைவியின் கவலை நியாயமானது. அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பூவில் தேன் அருந்திக்கொண்டிருக்கும் தேனீ தானாக வந்து கொட்டாது. மண்ணில் தனித்து வாழும் சிறு தேனீக்களில் பெரும்பாலானவை கையில் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்ட முனைவதில்லை. ஆனால் குளோவர் பூவின் மீது வெறுங்கால் பதிந்தால், அடியில் அகப்பட்ட தேனீ கொட்டத்தான் செய்யும். ஆகவே பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தையும் பூத்தரையையும் வேறு வேறாகப் பிரித்துவிடுவதே நல்ல ஏற்பாடு. முன்பக்கம் பூவுக்கு, பின்பக்கம் விளையாட்டுக்கு என்று வைத்துக்கொண்டால் நிழல் பிரச்சினைக்கும் அதுவே தீர்வாகிறது. அடிக்கடி மிதிபடும் இடத்தை ஃபெஸ்கியூ தாங்காது, ஆகவே பின்பக்கத்தில் உள்ள பழைய புல்லே விளையாட்டுக்கு நல்லது. பிறந்தநாள் விழா போல முன்பக்கமும் கூட்டம் சேரும் நாள் வந்தால், முந்தைய மாலையில் பூக்களை வெட்டிவிடுங்கள். ஓரிரு வாரத்தில் மறுபடியும் பூத்துவிடும். வீட்டில் எவருக்கேனும் தேனீக் கடியால் கடும் ஒவ்வாமை இருப்பது தெரிந்தால், மருத்துவரிடம் கேட்ட பிறகு முடிவெடுங்கள்.

சங்கத்தைப் பற்றி. மினசோட்டாவில் 2023 முதல் நடப்பில் உள்ள சட்டம், வீட்டு உரிமையாளர் திட்டமிட்டுப் பராமரிக்கும் இயற்கைத் தோட்டத்தை நகராட்சிகள் அனுமதிக்க வேண்டும் என்கிறது. செடிகள் 8 அங்குலத்துக்கு மேல் வளர்ந்தாலும் தடையில்லை. கவனிக்காமல் விட்டதால் வளர்ந்த புல்லுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அச்சட்டம் நகராட்சிகளைப் பற்றியது என்பதால், குடியிருப்போர் சங்கத்தின் விதிகளை நீங்கள் தனியாகத்தான் கையாள வேண்டும். நல்ல வேளையாக, தேனீப் புல்தரை 3, 4 அங்குல உயரத்தில் வெட்டிப் பராமரிக்கப்படுவது. ‘நன்கு பராமரிக்கப்பட்ட புல்தரை’ என்ற வரியோடு அதற்கு முரண்பாடே இல்லை. விதைப்பதற்கு முன்பே சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி, என்ன செடிகள், எந்த உயரத்தில் வெட்டப்போகிறீர்கள் என்பதைத் தெரிவித்துவிடுங்கள். தரையின் விளிம்பில் ஒரு முழ அகலத்துக்குப் பூ இல்லாமல் சீராக வெட்டி வைத்து, சிறிய அறிவிப்புப் பலகை ஒன்றையும் நட்டுவைத்தால், பார்ப்பவர்களுக்கு இது வேண்டுமென்றே செய்தது என்பது புரியும். எங்கள் தெருவில் முகம் சுளித்தவர்கள் பலரைச் சமாதானப்படுத்தியது அந்த விளிம்புதான்.

பக்கத்து வீட்டுக்காரர்களிடம் நேரில் பேசிவிடுங்கள். அவர்கள் தெளிக்கும் களைக்கொல்லி காற்றில் வந்து உங்கள் குளோவரைக் கருக்கிவிடும் என்பதைச் சொன்னால், காற்றில்லாத நேரமாகப் பார்த்துத் தெளிக்கப் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள்.

செலவுக்கு உதவியும் உண்டு. மாநிலச் சட்டமன்றம் 2019-ல் நிதி ஒதுக்கித் தொடங்கிவைத்த ‘லான்ஸ் டு லெக்யூம்ஸ்’ திட்டத்தில், தேனீப் புல்தரைக்கும் சிறு பூம்பாத்திகளுக்கும் மரம், புதர் நடுவதற்கும் சில நூறு டாலர் வரை திரும்பக் கிடைக்கும். முதலில் நாம் செலவழித்துவிட்டுப் பிறகு கணக்குக் காட்டிப் பெற வேண்டும். ஒப்புதல் வருமுன் வாங்கியவற்றுக்குப் பணம் கிடைக்குமா என்பதை விதிகளில் பார்த்துவிட்டு வாங்குங்கள். விண்ணப்பங்கள் அதிகம் வருவதால் எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை. கிடைக்காவிட்டாலும், மேல்விதைப்புக்கு விதையும் ஏரேட்டர் வாடகையும்தான் பெரிய செலவு.

ஏரிக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முன்பக்கம் பூவுக்கு, பின்பக்கம் பிள்ளைகளுக்கு என்ற ஏற்பாட்டை மனைவியும் ஏற்றுக்கொண்டார். ரசீதுகளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஏப்ரலில் ப்ரோடையமினும், ஜூனில் புல்வேரைத் தின்னும் வண்டுப் புழுவுக்காக இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியும் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது மருந்தால் தேனீக்களுக்குத் தீங்கு உண்டா? வருங்காலத்தில் ஜப்பானிய வண்டின் புழு வந்தால் என்ன செய்வது?

மண்புழு (பதில்)

தீங்கு உண்டு. இமிடாகுளோபிரிட் நியோநிகோட்டினாய்டு என்ற பூச்சிக்கொல்லி வகையைச் சேர்ந்தது. வேர் வழியாக உறிஞ்சப்பட்டுச் செடி முழுவதும் பரவி, பூவின் தேனிலும் மகரந்தத்திலும் போய்ச் சேரும். கென்டக்கி பல்கலைக்கழகத்தார் இதே வகையைச் சேர்ந்த குளோதியனிடின் மருந்தைக் குளோவர் பூத்த புல்தரையில் தெளித்து, அங்கே பம்பிள் தேனீக் கூடுகளை வைத்துப் பார்த்தபோது, அந்தக் கூடுகள் எடை கூடுவதில் பின்தங்கியதோடு புதிய ராணிகளையும் உண்டாக்கவில்லை. அதே ஆய்வில் குளோரான்ட்ரானிலிப்ரோல் என்ற வேறு வகை மருந்து போட்ட தரையில் வைத்த கூடுகளுக்கு அத்தகைய பாதிப்பு தென்படவில்லை. ஆகவே புழுவுக்கு மருந்து போட்டே தீர வேண்டிய நிலை வந்தால் குளோரான்ட்ரானிலிப்ரோலைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவும் பூக்களை முதலில் வெட்டிவிட்ட பிறகே. எனினும், ஆகஸ்டில் ஒரு சதுர அடி புல்லைப் பெயர்த்து அடியில் எத்தனை புழுக்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்காமல், முன்னெச்சரிக்கையாக எதையும் போடாதீர்கள். நலமான புல், சதுர அடிக்கு நாலைந்து புழுக்களைச் சேதமில்லாமல் தாங்கிவிடும்.

ஜூனில் போட்டது மண்ணில் இன்னும் எஞ்சியிருக்கலாம். நவம்பரில் விதைத்தால் குளோவர் அடுத்த கோடையில்தான் பூக்கும் என்பதால் ஏறக்குறைய ஓராண்டு இடைவெளி கிடைக்கிறது. முதல் கோடையில் வரும் சில பூக்களையும் வெட்டிவிட்டு, இரண்டாம் ஆண்டிலிருந்து பூக்கவிட்டால் இன்னும் பாதுகாப்பு. அந்த ஓராண்டு வேர் ஆழமாகப் பிடிக்கவும் உதவும். ப்ரோடையமின் ஏப்ரலில் போட்டதுதான் என்றால் நவம்பர் விதைப்புக்குப் பெரும்பாலும் தடை இராது. உறுதி செய்துகொள்ள விரும்பினால், அக்டோபரில் முன்பக்க மண்ணில் ஒரு தொட்டி அளவு எடுத்து, வீட்டுக்குள் சன்னல் ஓரத்தில் வைத்து, ஒரு சிட்டிகைக் குளோவர் விதை தூவிப் பாருங்கள். வேர் கருகாமல் முளைத்து வந்தால் விதைப்பைத் தாராளமாகத் தொடங்கலாம்.